எலி அறையின் கதவுப் பதிவு

எனக்குப் பொறாமை என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். பொறாமையாம்! எட்டு வருஷம் அந்த ஆய்வகத்தில் எலிகளோடு எலியாகக் கிடந்தவள் நான். பென்சில் வந்து எட்டு மாதம். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிகிறவளுக்கு நான் வைத்த பெயர் அது. இரண்டு பேரும் தற்காலிகம்தான். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. யாருடைய சோதனை உருப்படியாக வருகிறதோ அவளுக்குத்தான் என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

சோதனை இதுதான். நோயை எதிர்க்கும் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சில புரதங்களை அனுப்பும். அவை நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது; தூக்கம், விழிப்புக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். அதை இரத்தத்தில் அளப்பவள் அவள், மூளையில் அளப்பவள் நான். ஒரே அறை, ஆளுக்கு ஓர் அடுக்கு எலிக்கூண்டு.

எலிகள் இருட்டில் விழித்திருப்பவை. எங்கள் வசதிக்காக அந்த அறையில் பகலில் விளக்கை அணைத்து இரவில் போடுவோம். பகலில் உள்ளே போனால் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் எலிக்கு நேரம் குழம்பிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்வதே நான்தான்.

முடிவு வந்தது. பென்சிலின் கோடு அழகாக ஏறி இறங்கியது. என்னுடையது துணிக்கொடி மாதிரி நேராகக் கிடந்தது.

"பிரமாதம்மா," என்றார் மேடம் அவளிடம். என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னாச்சு?"

எட்டு வருஷத்தில் எனக்கு ஒரு பிரமாதம் கிடைத்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது.

"என் எலிங்களை யாரோ தொந்தரவு பண்றாங்க மேடம். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். கதவுல அட்டை தேய்க்கிறோமில்ல, அந்தப் பதிவை எடுத்துப் பாருங்க."

பென்சிலின் முகம் வெளுத்தது. "வேண்டாம்க்கா, விடுங்க. இன்னொரு தடவ செஞ்சு பாப்போம். என் எலிங்க பாதிய எடுத்துக்கோங்க."

வேண்டாமாமே! மாட்டினாயா கள்ளி என்று உள்ளுக்குள் துள்ளினேன். "இல்ல, பாத்தே ஆகணும்," என்றேன்.

மேடம் கணினியில் தேடினார். பகலில், வேலை தொடங்குமுன்னும் சாப்பாட்டு வேளையிலும், இரண்டு வாரத்தில் முப்பத்தொரு தடவை கதவு திறந்திருந்தது. முப்பத்தொன்றும் என் அட்டை.

போனேன்தான். ஆனால் எலிகளைத் தொட்டதே இல்லையே! அவளுடைய நோட்டைத்தான் பார்த்தேன். கதவோரம் ஓர் ஆணியில் அது தொங்கும். அவள் அளவுகள் எப்படி வருகின்றன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் பென்சில் எழுத்து தெரியாது. அதனால் போன் விளக்கைப் போட்டுக்கொள்வேன். அந்த ஆணிக்கு நேர் கீழே இருந்தது என் அடுக்கு. அவளுடையது உள்ளே, கறுப்புத் திரைக்குப் பின்னால்.

"இத்தனை தடவ உள்ள போய் என்ன பண்ணீங்க?" என்றார் மேடம்.

பென்சில் முந்திக்கொண்டாள். "நான்தான் மேடம் என் நோட்டை சரிபாக்கச் சொன்னேன். அக்கா எனக்காகத்தான் போனாங்க."

அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அழுதிருக்க வேண்டும், கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ மறுபடியும் வயிறுதான் எரிந்தது. நல்ல கோடும் இவளுக்கு, நல்ல மனசும் இவளுக்கா?

"பொய் மேடம்," என்றேன். "இவ சொல்லவே இல்ல. நானாத்தான் திருட்டுத்தனமா படிச்சேன், போன் வெளிச்சத்துல. என் எலிங்கள நானே கெடுத்துக்கிட்டேன்."

வேலை அவளுக்குப் போயிற்று. வீட்டுக்காரரிடம் அன்று மாலை, "ஆமா, பொறாமைதான்," என்றேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.