தேரடியில் ஒரு சிகரெட்

என் மகள் பாண்டிசெல்வியிடம் பந்தயம் கட்டி ஜெயித்தவன் எவனும் கிடையாது. தெரிந்தும் நான் கட்டித் தொலைத்தேன்.

என் அக்கா மாரிக்கனியின் மகன் விஜயபாண்டிக்குத்தான் இவள் என்று, இவள் பிறந்த அன்றைக்கே அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இவளோ போலீசுக்குத்தான் போவேன் என்று நின்றாள். வீட்டில் தினமும் ரகளை. ஒருநாள் நான் சிகரெட்டும் கையுமாக இருமி இருமிக் கண் பிதுங்கி உட்கார்ந்திருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

“யப்பா, எங்க கோச்சிங் சென்டர்ல ஒரு மாச ஓட்டம் வைக்காங்க. தெனமும் ஓடணும். கடைசி நாள் ராஜபாளையத்துலருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வரைக்கும். நீங்களும் வாங்க. சிகரெட்டே தொடாம முடிச்சிட்டா, அத்தை மகனுக்குக் கழுத்த நீட்டுதேன். ஒண்ணு குடிச்சாலும் நான் போலீசுக்குப் போவேன். சம்மதமா?”

“ஏட்டி, எங்கிட்டயேவா? சம்மதம்” என்று மீசையை முறுக்கினேன். மடப்பயல்!

மில் வேன் ஓட்டுகிற எனக்கு டீக்கடைதான் எல்லாமே. மறுநாள் சிகரெட்டுக்குக் கை நீட்டினால் கடைக்காரன் சமுத்திரம், “அண்ணாச்சி, பாப்பா சொல்லிட்டுப் போயிருக்கு. டீ வேணா தாரேன்” என்கிறான். ஊரில் ஒரு கடை பாக்கியில்லை. வீட்டில் என் பொஞ்சாதி வெங்கடேஸ்வரி சட்டையை மோந்து பார்த்தாள். வேனுக்குள் கிராம்பை மென்றுகொண்டு, கூண்டில் அடைத்த மாதிரிக் கிடந்தேன்.

அதைவிடக் கொடுமை ஓட்டம்தான். முன்னால் அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். என்ன ஓட்டம்! அந்தக் காலைக் கட்டிப்போடத்தானே இப்படி மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்தால் ஓடவே மனசு வரவில்லை. சிகரெட் குடித்தால் அக்கா முகத்தில் முழிக்க முடியாது. குடிக்காவிட்டால் மகள் முகத்தில் முழிக்க முடியாது. இருமல் மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கடைசி நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசாமல் போயிருந்தால் நான் தோற்றிருப்பேன். ஆனால் திரும்பி ஓடி வந்து, குத்தவைத்து என் காலை நீவினாள்.

“எந்திரிங்கப்பா. இந்தா, தேர் வந்துட்டு.”

“ஏத்தா, நான் முடிச்சா உனக்குத்தான கேடு?”

“செத்த நேரம் பேசாம வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். நொண்டிக்கொண்டே அவள் பின்னால் போனேன்.

தேரடியில் அக்கா, மருமகளுக்குப் பூ வைக்க மல்லிகைத் தட்டோடு நின்றாள். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. இந்த ஊர்க்காரனுக்கு என்னைத் தெரியாது. தேரைத் தொடுவதற்கு முன்னால் அங்கே போய் ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்தேன். ஒரே இழுப்புதான், குடலே வெளியே வருகிற மாதிரி இருமல்.

“ஏலே தங்கப்பாண்டி, கூடப் பிறந்தவளக் கழுத்தறுத்துட்டியேலே!” என்று அக்கா தேரடியே அதிரக் கத்தினாள்.

பாண்டிசெல்வி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கண் கலங்கி நின்றாள். சிகரெட்டைப் பிடுங்கிக் காலில் போட்டு நசுக்கினாள்.

“எதுக்குப்பா குடிச்சீங்க?”

“நீ போலீசுக்குப் போத்தா.”

“நான் எதுக்கு இந்தப் பந்தயத்தக் கட்டுனேன்னு இன்னுமா தெரியல? உங்க நெஞ்சு அம்புட்டு மோசமாக் கிடந்துச்சுப்பா.”

பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

“நாளைக்கு மொதல்லருந்து ஓடுதோம். இந்தத் தடவ பந்தயம் கெடையாது” என்றாள்.

அக்கா இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் மகளுக்குத் தலையாட்டினேன்.