கழுதை தின்ற தொப்பி

புதன்கிழமைதோறும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி அந்தப் பள்ளிக்கு வருவாள். ஆசிரியர் பயிற்சியில் அவளுக்குக் கடைசி ஆண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவளைப் புதன் அக்கா என்று கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒருமுறை வந்தபோதும் அதே பெயர்தான்.

பள்ளி, ஆலைகளின் பின்மதிலை ஒட்டி இருந்தது. தகரக் கூரை. மழை வலுத்தால் பாடம் நின்றுவிடும். பிள்ளைகளின் அப்பாக்கள் மூட்டை தூக்கினார்கள். அம்மாக்கள் பிறர் வீடுகளைத் துடைக்கப் போனார்கள். வகுப்பு டீச்சர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது பிள்ளைகள் ஒரே குரலில் கடகடவென்று வாசித்தார்கள். புதன் அக்கா அவர்களுடைய விரல்களைக் கவனித்தாள். குரல் ஒரு வரியிலும் விரல் வேறு வரியிலும் இருந்தன. ஒரு பையனின் விரல் படத்தின்மேல் இருந்தது. அத்தனையும் மனப்பாடம்.

அதன்பிறகு அவள் பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் கேட்டிராத கதைகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். தரையில் ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, கரடிக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல் என்று தானும் கூடவே வாசித்தாள். மற்றவர்களை டீச்சர் பார்த்துக்கொண்டார். மாதங்கள் போகப் போக விரல்கள் சரியான வரிக்கு வந்து சேர்ந்தன. வாயாடி என்று பெயரெடுத்த பெண், மருந்துக்கடையில் நின்று டப்பாக்களை எல்லாம் உரக்க வாசித்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்கினாள்.

ஆண்டு முடிவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பார்ப்பார். வாசிப்பு முன்னேறியிருந்தால் புதன் அக்கா தேறுவாள். இல்லாவிட்டால் அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். அவள் தம்பி கல்லூரியில் சேரக் காத்திருந்தான். அந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். இது டீச்சருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்தது வேறு. முந்தைய மாதம் பேராசிரியர் வந்திருந்தபோது நடையில் நின்று டீச்சரிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளைங்க நல்லா வாசிச்சிட்டா இங்க எங்க வேலை முடிஞ்சுது. அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவோம்." நல்ல செய்தியாக நினைத்துத்தான் சொன்னார். ஜன்னலுக்கு உள்ளே வாயாடி உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சையன்று விதிப்படி புதன் அக்கா அறைக்குள் இருக்கக் கூடாது. முற்றத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்தாள். பேராசிரியர் பிள்ளைகளை நடையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, புதிய கதை ஒன்றை மேசைமேல் வைத்தார். டீச்சர் பின்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு மனத்துக்குள் ஒரு பிரார்த்தனை சொல்லிக்கொண்டார்.

முதலில் வாயாடி வந்தாள். "ஒரு... ஊ... ஊரில்..." என்று இழுத்தாள். அதற்குமேல் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். பயம் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். அடுத்தவனும் 'ஊரில்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டான். அதற்கடுத்தவளும் அப்படியே.

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "வருஷம் முழுக்க அந்தப் பொண்ணு என்னதான் செஞ்சுது டீச்சர்?"

"நல்லாத்தான் வாசிச்சாங்க சார். போன வாரம்கூட." டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஐந்தாவதாக உருண்டை வந்தான். வகுப்பிலேயே குட்டையானவன், கன்னம் பெரியது. "ஒரு... ஊ..." என்று ஆரம்பித்தான். கண் மட்டும் தாளில் கீழே கீழே இறங்கியது. திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான்.

"எதுக்குடா சிரிக்கிற?"

"கழுதை தொப்பிய தின்னுடுச்சு சார். அதுவும் மந்திரி தொப்பிய."

அது கதையின் கடைசி வரி. உருண்டை மெல்ல வாயைப் பொத்திக்கொண்டான்.

"உனக்கு வாசிக்க வருமா?" என்றார் பேராசிரியர்.

"வராது சார்."

"அப்போ கழுதை தின்னது எப்படித் தெரிஞ்சுது?"

உருண்டை கதவைப் பார்த்தான். "வாயாடிதான் சார் சொன்னா. நல்லா வாசிச்சா அக்காவ கூட்டிட்டுப் போயிடுவீங்களாம். யாரும் 'ஊரில்' தாண்டக் கூடாதுன்னு சொன்னா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். நடையில் தான் பேசியது அவருக்கு நினைவு வந்தது. வாயாடியைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து, உருண்டையை முறைத்துவிட்டு நின்றாள்.

"நல்லா வாசிச்சா அக்கா போயிடுவாங்கல்ல சார்?" என்று அவளே ஆரம்பித்தாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஆமாம்மா. போயிடுவாங்க. வாசிக்கலன்னாலும் போயிடுவாங்க. ஆனா தோத்துட்டுப் போவாங்க."

"தோத்தா?"

"அவங்க மறுபடியும் ஒரு வருஷம் படிக்கணும்."

வாயாடி யோசித்தாள். "அப்போ இங்கயே வருவாங்களா?"

"மாட்டாங்க."

அவள் அனுமதி கேட்காமலே வெளியே போனாள். நடையில் அவள் குரல் கேட்டது: "எல்லாரும் ஒழுங்கா வாசிங்கடா. வாசிக்கலன்னா அக்கா ஃபெயிலாம்."

அன்பினால் சொன்ன பொய்யும் பொய்தான். ஆனால் அதைத் திருத்திக்கொள்ளக் கடவுள் அவகாசம் தருகிறார். அந்தப் பேராசிரியரும் தந்தார். பையிலிருந்து வேறு கதையை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் வாசித்தார்கள். சிலர் தடுக்கினார்கள், அது நிஜமான தடுக்கல். வாயாடி வாசித்தபோது குழாயடியில் இருந்தவள் எழுந்து நின்றாள். நரிக்குத் தான் கொடுக்கும் அதே குரல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

புதன் அக்கா தேறினாள். அடுத்த பயிற்சி மாணவர்கள் ஆற்றுக்கு அந்தப்புறம் வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அதைப் பேராசிரியரால் மாற்ற முடியவில்லை. அங்கேயும் விரல்கள் தப்பான வரியில்தான் இருந்தன.

பள்ளி திறந்தபின் வந்த முதல் புதன்கிழமை மதியம் பேராசிரியரே வந்தார். அந்த நேரத்தில் தனக்கு வகுப்பு கிடையாது என்று டீச்சரிடம் சொன்னார். கையில் ஒரு கட்டு கதைகள். ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவர். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து நெடுநாளாகியிருந்தது. முட்டி மடக்கி உட்காரவே சிரமப்பட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கரடி கதையைக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தார்.

பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயாடிதான் பொறுக்க மாட்டாமல் கையைத் தூக்கினாள்.

"சார், கரடி இப்படிப் பேசாது."

"எப்படிப் பேசும்?"

அவள் நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளில் விரலை வைத்தாள்.