லாக்கப்பில் தூங்கிய இன்ஸ்பெக்டர்

நல்லூரைத் தாண்டி பனியன் கம்பெனிகளும் வீடுகளும் பெருகியதால், 2007இல் அங்கே புதிதாக ஒரு காவல் நிலையம் கட்டினார்கள். பொறியாளர் சத்யப்பிரியா தன் வரைபடத்தில், வேப்பமர நிழல் விழும் வடகிழக்கு அறையை இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்கியிருந்தாள். இன்ஸ்பெக்டர் பெரியகருப்பன் ஒப்புக்கொள்ளவில்லை.

“அதிகாரி கன்னி மூலையிலதாம்மா உக்காரணும். வாஸ்து அப்படி.”

“தென்மேற்குல வெயில் வாட்டி எடுத்துருமுங்க சார்.”

“அதை நான் பாத்துக்கிறேன்.”

“சரிங்க சார். அப்ப வடகிழக்கு ரூமுல என்ன வெக்கறதுங்க?”

“என்னத்தையாவது வைம்மா.”

சத்யப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கே லாக்கப்பை வைத்தாள்.

அடுத்த சித்திரையில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு பிற்பகல் கன்னி மூலை அறை அடுப்பாகக் கொதிக்க, பெரியகருப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுக் காலியாகக் கிடந்த லாக்கப்பில் போய்ப் படுத்தார். நன்றாகத் தூங்கிவிட்டார்.

அப்போது, காணாமல்போன தையல் மெஷினுக்காகப் புகார் கொடுத்திருந்த செல்லாத்தாள் உள்ளே வந்தாள். கம்பிக்குப் பின்னால் பனியனோடு குறட்டை விட்டவரைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“இவன்தானுங்களா என்ற மெஷினைத் தூக்குனவன்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்களே! திருடிப்போட்டு என்ன தூக்கம் வேண்டிக் கெடக்குது?”

ஏட்டு முனீஸ் பதறிப்போய் லாக்கப் கம்பியைத் தட்டினார். பெரியகருப்பன் விழித்து எழுந்தார். செல்லாத்தாள் கையை நீட்டித் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலையே அவர் சத்யப்பிரியாவுக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, அந்த ரெண்டு ரூமையும் மாத்திக் குடுக்க முடியுமா?”

“வாஸ்துங்க சார்?”



“வெயிலுக்கு அதெல்லாம் தெரியலியேம்மா” என்றார் பெரியகருப்பன்.