இறக்கிவைத்த மெயின்

பெருங்களத்தூரில் அந்தத் தெருவில் போய்க் கங்காதரன் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். சோலார் சார் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். தொண்ணூற்றாறில் மொட்டைமாடியில் நாலு தகடு, மாடிப்படிக்கு அடியில் இரண்டு பேட்டரி, ஒரு இன்வர்ட்டர் என்று வைத்துக்கொண்டவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தகடுகளைத் துடைப்பார், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், அதன் பக்கத்தில் யாராவது பீடியோடு வந்தால் விரட்டுவார். அந்த அக்கறையில் பாதியைப் பெண்டாட்டி மேல் காட்டியிருந்தால் அந்தம்மாள் எங்கேயோ உயரத்துக்குப் போயிருப்பாள் என்று தெருவில் பேச்சு.

கரண்ட் போனால் முதலில் மீட்டருக்குக் கீழே இருக்கும் மெயின் சுவிட்சை இறக்குவார். அப்புறம்தான் இன்வர்ட்டரைப் போடுவார். மெயினை இறக்காமல் போட்டால் வீட்டுக்குள் ஓடவேண்டிய கரண்ட் வெளியே போய்க் கம்பத்து வயரில் ஏறிவிடும். அங்கே கை வைக்கிறவன் கதி அதோகதி. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் முருங்கைக் கிளை முறிந்து விழுந்தது. அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வருகிற வயர்கள் இரண்டும் கம்பத்து முனையில் பிய்த்துக்கொண்டு தொங்கின. பக்கத்து வீட்டுச் செல்வமேரியின் மகளுக்கு அம்மை போட்டு அன்று மூன்றாம் நாள்.

"சார், ஃபேனுக்கு மட்டும் ஒரு லைன் குடுக்க முடியுமா? புழுக்கத்துல பாப்பா சொறிஞ்சிக்கிட்டே இருக்கா."

கங்காதரன் யோசிக்கவேயில்லை. முதலில் அவள் வீட்டு மெயினைத் தன் கையாலேயே இறக்கினார். பிறகு, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய நீள வயரைக் காம்பவுண்டு சுவர் மேலே போட்டு, ஒரு முனையை அவள் வீட்டு பிளக் பாயின்ட்டிலும் மறுமுனையைத் தன் வீட்டிலும் சொருகினார். ஃபேன் சுற்றியது.

"கரண்ட் வந்தா உடனே சொல்லும்மா. பேட்டரிய வீணா இறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். மெயினைத் தொடாதே என்று சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பு.

மறுநாள் காலை பத்து மணிக்கு லைன்மேன் வீராசாமி ஏணியோடு வந்தார். டிரான்ஸ்பார்மரில் தெருவின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு வந்து கம்பத்தில் ஏணியைச் சாத்தினார்.

"இன்னா சார், ரெண்டு வூட்டு மெயினும் ஆஃப்லதானே கீது?"

"நேத்தே இறக்கிட்டேன். என் கையால."

வீராசாமி ஏறினார். கங்காதரன் வீட்டு வயரை இழுத்து முறுக்கிச் சேர்த்தார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் செல்வமேரி காபி டம்ளரோடு கேட்டுக்கு வந்தாள்.

"சார், காலையிலேயே மெயினைத் தூக்கி வெச்சிட்டேன். கரண்ட் வந்தா மீட்டர் சுத்தும்ல, பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க பேட்டரி வீணாகாது."

சுவர் மேல் போன கரண்ட் இப்போது அவள் வீட்டு வயரில் கம்பம் வரை ஏறியிருக்கும் என்று கங்காதரனுக்கு உறைத்தது. அண்ணாந்து பார்த்தார். வீராசாமியின் கை அடுத்த வயருக்கு நீண்டிருந்தது.

"வீராசாமி, தொடாதே."

அவ்வளவுதான் வாயில் வந்தது, அதுவும் பாதிக் குரலில். கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. கங்காதரன் உள்ளே ஓடி இன்வர்ட்டரை அணைத்தார். திரும்பி வெளியே வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீராசாமி இறங்கி வந்தார். நடந்ததைக் கங்காதரன் ஒன்று விடாமல் சொன்னார். "என் தப்புதான். திரும்ப ஒருதரம் பாக்காம சொல்லிட்டேன்" என்றார். செல்வமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

வீராசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் கங்காதரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மத்த வூட்ல எல்லாம் நானே உள்ளாற பூந்து பாத்துட்டுத்தான் ஏறுவேன் சார். உன் வூடாச்சேன்னு பாக்கல."

காபியை வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டு வீட்டுக்குள்ளும் போய் மெயினை இறக்கி, ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவர் மேல் கிடந்த வயரையும் உருவிச் சுருட்டித் தோளில் மாட்டினார். ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வேற எங்கயாவது லைன் குடுத்துகிறியா சார்?"

வேறெங்கும் கொடுக்கவில்லை. அது கங்காதரனுக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு மெயினும் இறங்கியிருப்பதும் கொஞ்சம் முன்புவரை இப்படித்தான் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"நீயே வந்து ஒருதரம் பாத்துடுப்பா" என்றார்.

வீராசாமி ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.