கயிற்றின் முனையில் ஓர் ஆள்

ஏழாவது மாடியின் இறக்குமேடையிலிருந்து குழாய்க் கட்டு எழும்பி, கட்டடத்தை விட்டு வெளியே விலகத் தொடங்கியபோது ரேடியோ அண்ணனின் பேச்சு பாதியில் நின்றது. அதுவே மேலே கிரேன் கூண்டில் இருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் வாயை மூடி அவள் கண்டதே கிடையாது. கீழே நின்று வாக்கிடாக்கியில் கிரேனுக்கு வழி சொல்வது அவர் வேலை. ஆனால் 'தூக்கு'க்கும் 'திருப்பு'க்கும் நடுவில் பல்வலி, வெயில், மச்சினனின் வாய்க்கொழுப்பு என்று உலக விஷயம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"நிறுத்து," என்றார்.

அவள் நிறுத்தினாள்.

"கட்டுக்குக் கீழ ஆளு தொங்குறான். வழிக்கயிறு கையில சுத்திக்கிச்சு."

வழிக்கயிறு என்பது சுமை தன் போக்கில் சுழலாமல் இருக்க, அதைக் கொக்கியில் மாட்டிவிட்ட ஆள் பிடித்துக்கொள்ளும் நீளக் கயிறு. அதைக் கையில் சுற்றவே கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். யாரோ சுற்றியிருக்கிறான். விழாமல் காக்கும் இடுப்புப் பட்டியை ஒரு கம்பியிலிருந்து கழற்றி அடுத்த கம்பியில் மாட்டப் போன இடைவெளியில் கயிறு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது ஏழு மாடி உயரத்தில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், ஒற்றைக் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கிரேன் நின்றது ஒரு பக்கம், இறக்குமேடை கட்டடத்தின் மறுபக்கம். மேல் மாடிகள் மறைத்தன. கண்ணுக்குத் தெரிந்தது கிரேனின் நீட்டுக்கரத்திலிருந்து இறங்கும் இரும்புக்கயிற்றின் மேல் பாதி மட்டும்தான். அது சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது.

அவள் முழு ஆபரேட்டர்கூட இல்லை. அதுவரை ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். கிரேன் பழகப் போகிறேன் என்றபோது கணவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் இதே தளத்தில்தான் வேலை செய்தான், பின்பக்கக் கட்டடத்தில், சுமைக்கு வார் கட்டிக் கொக்கியில் மாட்டும் ரிக்கராக. "வீட்டுல கீழ இருந்தே என்னை ஆட்டி வைக்கிற. இனி மேல இருந்து வேறயா?" என்று கேட்டான். கேட்டானே தவிர, எழுத்துப் பரீட்சைக்குச் சுமை அட்டவணையை அவளுக்கு மனப்பாடமாகும்வரை கேள்வி கேட்டது அவன்தான்.

கண் பரிசோதனையில் தேறினாள். உயரம் பழகினாள். மேலே போனால் மதியம்வரை இறங்க முடியாது என்பதால் காலைத் தேநீரை விட்டாள். நின்று மூச்சு வாங்காமல் ஏணி ஏறுவதைப் பார்த்துத் தளத்தில் அவளுக்கு 'எறும்பு' என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் வந்தது. ஆட்டம் பிடிப்பது ஒன்றுதான் கடைசிவரை தண்ணி காட்டியது. ஆடும் சுமையை நிறுத்த எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கரத்தைக் கொண்டுபோய், அதன் தலைக்கு மேலே நின்றுகொள்ள வேண்டும். சொன்னால் எளிது. கைக்கு அது புரிய நாளாகும். பயிற்சியாளன் அவளைவிட வயதில் சின்னவன், அவளை அக்கா என்று கூப்பிடுபவன். முந்தைய வாரம்கூட அவன் தலையில் அடித்துக்கொண்டு, உங்களுக்கு இன்னும் அவசரம் போகவில்லை அக்கா என்று கடிந்திருந்தான்.

அந்தப் பயிற்சியாளன் இப்போது அவள் இருக்கைக்குப் பின்னால் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. அவன் கை அவள் தோளைத் தாண்டி லிவரை நோக்கி நீண்டது.

"தொடாத தம்பி," என்றாள்.

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இருக்கை ஒன்றுதான். இடம் மாற வேண்டுமானால் அவள் லிவரை விட்டு எழ வேண்டும்; அந்த நேரமெல்லாம் கயிற்றில் மாட்டியவன் ஆடிக்கொண்டே தொங்க வேண்டும். அவ்வளவு நேரம் ஒரு மனிதனின் மணிக்கட்டு தாங்குமா? பயிற்சியாளனும் அதையே நினைத்திருப்பான். கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மேடைக்கே திருப்பவா என்று கேட்டாள். வேண்டாம், ஆடுகிற ஆட்டத்தில் விளிம்புக் கம்பியில் மோதி நசுங்கிவிடுவான், நேரே தரைக்கு இறக்கு என்றார் ரேடியோ அண்ணன். ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாத பேச்சு. அந்தக் குரலில் ஈரமே இல்லை.

இரும்புக்கயிறு வலப்பக்கம் சாய்ந்தது. அவள் கரத்தை வலப்பக்கம் கொண்டுபோனாள். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கயிறு இடப்பக்கம் வெட்டி இழுத்தது. வாக்கிடாக்கியில் யாரோ அலறியது கேட்டுச் சட்டென்று அறுந்தது. மறுபடி சாய்வுக்காகக் காத்திருந்து, அதோடு கூடவே போனாள். கயிறு பாதி நிமிர்ந்தது. இன்னொரு முறை. நிமிர்ந்து நின்றது.

"இறக்கு. மெதுவா. அப்படியே வா."

இறக்கினாள். வேகம் போனால் குலுங்கும். தாமதித்தால் பிடி விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருந்தது. அதை எந்தப் பாடமும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு மாடியாக ரேடியோ அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது மாடிக்குப் பிறகு அவர் பேசவில்லை. பிறகு, "கால் எட்டிடுச்சு. நிறுத்து," என்றார். "அசைக்காத. கட்டு அவன் தலைக்கு மேலதான் இருக்கு."

கயிற்றை வெட்டி ஆளை வெளியே இழுத்தார்கள். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. குழாய்க் கட்டை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. வைத்தாள். லிவரை விட்ட பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பயிற்சியாளன்தான் அவற்றை ஒவ்வொன்றாக விரித்துவிட்டான்.

"ஆளு யாருண்ணே?" என்று கேட்டாள்.

"உயிரோட இருக்கான். நீ பார்த்து இறங்கு, தங்கச்சி."

பார்த்து இறங்கச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியில் ஏணியில் கால் பாவவே இல்லை.

கீழே கூட்டம் அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. யாரும் கைதட்டவில்லை, முதுகில் தட்டவில்லை. எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். தரையில் ஒரு பலகைமேல் அந்த ஆளைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. அந்தக் காலில் பச்சை உறை, மற்றதில் சாம்பல் நிறம். காலையில் ஜோடி கிடைக்காமல் எரிச்சலில் அவள் கணவனிடம் எடுத்து வீசிய காலுறைகள்.

பின்பக்கத்துக் கட்டடத்தில் இருக்க வேண்டியவன். இங்கே ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இவனை அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அவன் தோள் மூட்டு விலகியிருந்தது, மணிக்கட்டில் தோல் வழன்றிருந்தது. கண் திறந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. வண்டி வந்து ஏற்றும்வரை அவன் நல்ல கையை அவள் விடவில்லை. ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

"நீங்க சொல்லியிருக்கணும்ணே."

ரேடியோ அண்ணனின் உதடு வெளுத்திருந்தது. "சொல்லியிருந்தா உன் கை நடுங்காம நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்," என்றாள். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியில் போகும்போதும் தெரியவில்லை. பிறகும் ஒருநாளும் தெரியவரவில்லை.

தோளைப் பொருத்தினார்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசல் மட்டும்தான். கட்டுப் போட்ட கையோடு அவன் வீட்டில் கிடந்த நாட்களில் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு பிசைந்து கொடுத்தாள், சட்டை மாட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். திடீர் திடீரென்று, பாத்திரம் தேய்க்கும்போதோ துணி உலர்த்தும்போதோ, அந்த அறுந்த அலறல் காதில் விழும். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்து அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் அப்படி வந்து நின்றவளிடம் அவனே வாய் திறந்தான்.

"தொங்கும்போது நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? கடவுளே, இப்ப அவ ஓட்டக் கூடாது, அந்தத் தம்பி ஓட்டணும்னு."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பாதியில் அது கோபமாக மாறி, கோபம் அழுகையாக மாறியது. அவன் காயம்படாத தோளில் முகம் வைத்து, அன்று வராத அழுகை முழுவதையும் அழுது தீர்த்தாள்.

"அவ்வளவு நம்பிக்கை," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆட்டம் நின்னதும் நினைச்சேன், தம்பிதான்னு," என்றான் அவன். "தரையில கால் பட்ட பிறகுதான் ரேடியோ சொன்னாரு. பயத்துல அப்பதான் எனக்கு மயக்கமே வந்துச்சு."

விசாரணை நடந்தது. அவள்மேல் தப்பில்லை என்றார்கள். திரும்ப ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று மேலாளர் சொன்னார். கணவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உரிமத்துக்காகக் கிரேனை ஓட்டிக் காட்டும் பரீட்சை நாளன்று இடக்கையால் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட முயன்று, முடியாமல் விட்டான்.

பரீட்சை எடுக்க வந்தவர் ஆட்டம் பிடிப்பதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தேறினாள்.

உரிமத்தோடு தனியாக ஏறும் முதல் காலை, ஏணியடியில் ரேடியோ அண்ணனை நிறுத்தி ஒன்று கேட்டாள். இனிமேல் கீழே யாருக்கு என்ன ஆனாலும், யார் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினார்.

"மாட்டேன்," என்றார். "அந்த ஒண்ணை மட்டும் கேட்காத, தங்கச்சி."

அவள் அவரையே பார்த்தபடி நின்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது புரிந்தது. இந்தக் குரலை நம்பித்தான் நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுமையைத் தூக்க வேண்டும் என்பதும் புரிந்தது. ஏணியின் முதல் படியில் காலை வைப்பதற்குமுன், அன்று காலை வேலைக்கு வந்து கீழே நின்ற ஒவ்வொருவர் முகத்தையும், யார் யார் என்று ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு ஏறினாள்.