காற்றுக் கசிவு

மருதப்பன் அண்ணன் துடைப்பக் கட்டையால் அடித்துக் கொன்ற பாம்பு ஒரு சாண் இருந்தால் அதிகம். படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, மறுபடி மரப்பெட்டிகளைப் பிரிக்கப் போய்விட்டார். சிங்கப்பூர் ஜூரோங்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு அரிசோனாவிலிருந்து புது இயந்திரத்தோடு வந்த பெட்டிகள் அவை.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. படத்தைப் பெரிதாக்கினேன். வால் நுனியில் பொத்தான் மாதிரி ஒன்று. கொடிய விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பின் குட்டி அது. கிலுகிலுப்பைப் பாம்பு முட்டையிடாது. குட்டி போடும், அதுவும் கூட்டமாக. குட்டியின் வாலில் சத்தம் வராது. தோலுரிக்க உரிக்க வளையம் கூடினால்தான் ஒலிக்கும். அப்படியானால் தாய் எங்கே?

வேலையை நிறுத்தி எல்லாரையும் தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னேன். மேலாளர் இயேசுதாசன் குதித்தார். செத்த பாம்புக்கு ஒரு நாள் லீவா என்றார். மாலைக்குள் இயந்திரம் ஓடாவிட்டால் என் வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். எனக்கும் கோபம் வந்தது. வேலை போனால் வேறு தேடிக்கொள்வேன், ஒரு ஆளின் கை போனால் எங்கே தேடுவது என்று கேட்டுவிட்டு, பாம்பு பிடிப்பவர்களை அழைத்தேன். அவர்கள் வரும்வரை காதுதான் துணை. அதனால் இயந்திரங்களுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை நிறுத்தி, ஹோஸ் குழாய்களில் இருந்த காற்றையும் திறந்துவிட்டேன்.

"கிலுகிலுன்னு ஒண்ணும் கேக்கலையே லா," என்று சிரித்தார் மருதப்பன் அண்ணன். தொட்டில் குழந்தையின் கிலுகிலுப்பையை நினைத்துக்கொண்டார் போல. நான் திரும்புவதற்குள் தண்ணீர் போத்தலை எடுக்கக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

பெட்டிக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்தது. ஹோஸ் கசிகிறது என்று முணுமுணுத்தபடி அவர் கையை நீட்டினார். எத்தனையோ வருடப் பழக்கம். கசிவை உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார்.

நான் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, ஹோஸ்ல காத்தே இல்ல."

கை அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. அடிமேல் அடிவைத்து கோட்டுக்கு வந்து சேர்ந்தவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தாய்ப்பாம்பின் வால் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தாயைப் பிடித்ததும் கூடத்தின் கதவைத் திறந்துவிடலாமா என்று இயேசுதாசன் தணிந்த குரலில் கேட்டார். நான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அது சத்தம் போடுது சார், பிடிச்சிடலாம். சத்தம் போடாத குட்டிங்க எல்லாம் கிடைக்கட்டும், அப்புறம் திறக்கிறேன்."