வெள்ளம் மாற்றிய வழி

முத்லக்கின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும், கடைசியில் அந்தக் குழாயும் அடைபட்டுவிடும் என்று கரக் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். வெயிலில் அவனுக்குப் பெரிய சிரமமில்லை. வாதி என்று ஊரார் சொல்லும் ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர்கள் நெருங்கும் இடத்தில்தான் கீழே கிடப்பது கல்லா, தண்ணீரா, நிழலா என்று தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பயணிகளை அழைத்துப்போன பள்ளத்தாக்கு அது. காலடி எட்டுகளை எண்ணியே போய்வந்தான்.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மனைவி கித்தாம், சித்தப்பா மகன் தைஃபுல்லா. அவனும் வழிகாட்டிதான். கூட்டத்தின் வாலில் வந்துகொண்டே, "அண்ணே, இடது பக்கம் உன் மாமியா உக்காந்திருக்கா" என்று கத்துவான். அங்கே பெரிய பாறை இருக்கிறது என்று அர்த்தம். பயணிகள் சிரிப்பார்கள். முத்லக் வலது பக்கம் ஒதுங்கிப் போவான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் மூன்று நாள் விடாத மழை, வாதியில் வெள்ளம். பள்ளத்தாக்கைப் பராமரிக்கும் இயற்கைக் காப்பகத்தார் ஏப்ரலில்தான் பாதையைத் திறந்தார்கள். தைஃபுல்லா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நேரே முத்லக்கின் வீட்டுக்கு வந்தான்.

"உள்ள எல்லாம் பொரண்டு கெடக்குண்ணே. பாறையெல்லாம் எடம் மாறிப்போச்சு. உன் கணக்கு இனிமே ஆகாது."

"ஒரு தடவ என்னையக் கூட்டிட்டுப் போ. புதுசா எண்ணிக்கறேன்."

"வெள்ளிக்கிழமை போவோம்."

வியாழக்கிழமை காலையே, அன்றைக்கே வாதியில் நடக்க, நுஸ்ஹா டீச்சர் வந்து இறங்கினார். அம்மானில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஐந்து வருஷமாக, வசந்தம் வந்தால் தங்கையோடு வருவார். முத்லக்கைத் தவிர வேறு யாரோடும் நடக்கமாட்டார். தைஃபுல்லாவுக்கு அன்றைக்கு வேறு கூட்டம்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கித்தாம் நிமிராமலே சொன்னாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"ஒரு நாளைக்குச் சொல்லலாம். அப்புறம்?"

"அப்புறம் உண்மையச் சொல்லுங்க."

"சொல்லிட்டா, நாளைக்கு நான் யாருடி?"

ரொட்டியைத் துணியில் சுற்றி அவன் பையில் வைத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. டீச்சர் சுவரில் ஓடிய நிற வரிகளைத் தங்கைக்குக் காட்டிக்கொண்டு வந்தார். சுவர்கள் நெருங்கின. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. முத்லக் கோலால் தட்டித் தட்டி நடந்தான். வளைவு தாண்டிப் பதினாறாவது எட்டில் ஒரு தட்டைக்கல் உண்டு. கோலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அதுதான் என்று நினைத்து ஓரமாக நகர்ந்து கையை நீட்டினான்.

"இதுல கால வைங்க டீச்சர். அசையாது."

டீச்சர் வைத்தார். அது வெள்ளம் உருட்டிவந்த உருண்டைக்கல். புரண்டு அவரோடு பள்ளத்தில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் சுவர்களுக்கு நடுவே தெளிவாகக் கேட்டது.

அவரைத் தூக்கி மணல்திட்டில் கிடத்தினான். தங்கை அழுதாள். டீச்சர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அங்க பள்ளம் இருந்தது எனக்கே தெரிஞ்சது முத்லக். நீ சொன்னியேன்னுதான் வெச்சேன். உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"எனக்கு உள்ள வந்தாக் கண்ணு தெரியாது டீச்சர்."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காலையில சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தைஃபுல்லாவின் கூட்டம் வந்து சேர்ந்தது. கோல்களையும் கயிற்றையும் வைத்துக் கட்டிய தூளியில் ஆறு பேர் அவரைச் சுமந்தார்கள். முத்லக்கும் தோள் கொடுக்கப் போனான். "நீ வேணாண்ணே" என்றான் தைஃபுல்லா, மெதுவாக. முத்லக் பின்னால் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அந்தப் பள்ளத்தாக்கில் அவன் ஒருவர் பின்னால் நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காப்பக அலுவலகத்துக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி, அடையாள அட்டையை மேசைமேல் வைத்தான். தைஃபுல்லாவுக்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தைஃபுல்லா பிறகு தானாகவே போய்ச் சொன்னான். காப்பகத்தார் அவனை அந்த வசந்தம் முழுக்கக் கூட்டம் அழைத்துப்போக விடவில்லை.

டீச்சருக்கு இடுப்பில் இரண்டு ஆபரேஷன். முத்லக் மூன்று தடவை போன் செய்தான். மூன்று தடவையும் தங்கைதான் எடுத்தாள். கடைசித் தடவை, "அக்காவுக்கு உங்கமேல கோபம் இல்ல. பேசத்தான் பிடிக்கல" என்றாள்.

இப்போது தைஃபுல்லாவின் கூட்டங்கள் காலையில் முத்லக்கின் வீட்டைத் தாண்டித்தான் இறங்குகின்றன. ஆரம்பத்தில் நின்று டீ குடித்துப் போவார்கள். பிறகு முத்லக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கோல்களின் சத்தம் சரிவில் இறங்கி மறையும்வரை கித்தாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.